காப்பு கட்டிய பிறகு வண்டி போகாது

வாசலில் வண்டி நின்றது. மாடு இன்னும் பூட்டவில்லை. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஒரு பாய் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு புதுப் பானை. அந்தப் பானையைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. போகிற இடத்தில் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் இருக்காது, அவரே மொண்டு குடிக்கட்டும் என்று யாரோ யோசித்து வைத்த பானை அது.

அவர் என்றது என் மாமனாரை. கூடத்தில் உமி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. அவரைக் கொண்டுபோய் விட இருந்த இடம் கரும்பாலைக் கொட்டகை. ஏரி வாய்க்காலுக்கு அப்பால், ஊர் எல்லைக்கு வெளியே. ஆடி மாதத்தில் ஆலை ஓடாது. பாம்பும் பெருச்சாளியும்தான் அங்கே குடியிருக்கும்.

அன்றைக்கு ஊரில் அம்மனுக்குக் காப்பு கட்டும் நாள். அதற்குள் அந்த இருமல் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று நாட்டாண்மைக்காரர் சொல்லியிருந்தார்.

"அண்ணி, நேரமாவுது" என்றார் என் கொழுந்தன்.

"கஞ்சி ஆறட்டும்" என்றேன்.

கஞ்சி ஆறிப்போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

ஒரு கடிதம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் கடிதம் போட்டிருக்கிறாள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் புற்றுநோய். அவரைப் பார்த்துக்கொள்வது தனக்குக் கஷ்டமாக இல்லையாம். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்களாம், தண்ணீர் கொடுத்தால் குடிப்பதில்லையாம். அதுதான் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

எத்தனை வருஷம் போயிற்று! டாக்டர்கள் என்னென்னவோ கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர்ச் செம்பு மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. படித்ததும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

அதனால் மாட்டுப் பொங்கலைப் பற்றி எழுதி வைத்திருந்ததை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டேன். இந்த வாரம் அந்தப் பெண்ணுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு மாடு

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குக் கிழக்கே. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மருமகள் மாமனாரோடு நேரே பேசமாட்டாள். எதிரே நிற்கமாட்டாள். மாமியார் இருந்தவரை எல்லாம் மாமியார் வழியாகப் போகும், வரும். அவர் காலமான பிறகு எங்கள் வீட்டில் அந்த வேலையை ஒரு மாடு பார்த்தது. சிவப்பி என்று பெயர்.

"சிவப்பி, சோறு ஆயிடுச்சின்னு சொல்லு" என்பேன் தொழுவத்தைப் பார்த்து.

"சிவப்பி, நேத்து கொழம்புல உப்பு தூக்கலுன்னு சொல்லு" என்பார் மாமாவும் தொழுவத்தைப் பார்த்து.

இப்படியே பல வருஷம் ஓடியது. சிரிக்காதீர்கள். சண்டை இல்லாமல் ஓடியது.

மாமா சத்தக்காரர். ஆலையில் கொப்பரை பக்கத்தில் நின்று பாகின் பதம் பார்ப்பவர். "இறக்குடா!" என்று அவர் கத்தினால் ஏரிக்கரையில் கொக்கு எழும்பும். வாயில் சுருட்டு அணையாது. வேட்டி, துண்டு, சாய்ந்து உட்காரும் சுவர் எல்லாம் சுருட்டு வாசனை. அந்தச் சுவரில் சுண்ணாம்பு அடித்த பிறகும் மழைக்காலத்தில் அந்த வாசனை வெளியே வரும்.

முதலில் அந்தக் குரல்தான் போயிற்று. கம்மி, உடைந்து, கடைசியில் காற்று மட்டும் வந்தது. பிறகு இருமல். பிறகு துண்டில் ரத்தம்.

என் வீட்டுக்காரர் அப்போது சைகோனில் சொல்தாவாக இருந்தார். பிரெஞ்சுக்காரர் பட்டாளத்துச் சிப்பாயை எங்கள் பக்கம் சொல்தா என்போம். உலகச் சண்டை வந்து கப்பல் நின்றது. கப்பலோடு கடிதமும் நின்றது. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. வீட்டில் மாமா, நான், கொழுந்தன், அவர் மனைவி பூங்காவனம், அவளுடைய கைக்குழந்தை.

ஒரு நாள் காலையில் மாமா இருமி இருமி மூச்சு எடுக்க முடியாமல் சுவரைப் பிடித்தார். நான் சிவப்பியைப் பார்த்தேன். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. மாட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் முதுகைத் தடவ முடியுமா? ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"மாமா, குனியாதீங்க. நிமிந்து மெல்ல மூச்சு வுடுங்க."

அவரிடம் நான் நேரே பேசிய முதல் பேச்சு அது. இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓ, நீ பேசுவியா?" என்றார்.

முசே தட்டிப் பார்த்தது

மாமாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொழுந்தன் வாசலில் மாட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். உள்ளே நானும் மாமாவும்தான். அந்த முசே, அதாவது வெள்ளைக்கார டாக்டர், மாமாவின் நெஞ்சில் ஒரு கையை வைத்து மறு கை விரலால் தட்டினார். பலாப்பழம் வாங்குகிறவர் தட்டுவது மாதிரி. ஒரு பக்கம் ஒரு சத்தம், மறு பக்கம் வேறு சத்தம். எனக்கே கேட்டது.

சளியைச் சோதித்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். கறுப்பான தாளில் எலும்பெல்லாம் தெரிந்தது. நடுவில் சுண்ணாம்பு உருண்டை மாதிரி வெள்ளையாக ஒன்று.

முசே சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்.

"இது க்ஷயம் இல்லம்மா. நெஞ்சுக்குள்ள கட்டி. யாருக்கும் ஒட்டாது. ஆனா இந்த எடத்துல வெட்டி எடுக்க முடியாது. வூட்டுக்குக் கூட்டிக்கினு போய் நல்லா பாத்துக்கோ."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு காகிதம் கொடுத்தார்கள். முழுக்கப் பிரெஞ்சு.

நகர்ந்த குடங்கள்

ஊரில் யாரும் நம்பவில்லை. இருமல், ரத்தம், இளைப்பு. இதற்கு அவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். நாட்டாண்மைக்காரர் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கடுதாசி பிரெஞ்சுல கீது. ஒட்டாதுன்னு இதுல எழுதியிருக்குதுன்னு நீ சொல்ற. நீ படிச்சது மூணாங்கிளாசு."

காகிதத்தைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கிணற்றடிக்குப் போனால் மற்ற குடங்கள் நகரும். யாரும் திட்டவில்லை. குடங்கள் மட்டும் தரையில் உரசி நகரும். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். நடவுக்குப் பெண்கள் வரிசை கட்டினால் என் பக்கத்தில் இரண்டு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். பிறகு நடவுக்கே கூப்பிடவில்லை.

பூங்காவனம் அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தையோடு அங்கேயே இருந்தாள்.

"அக்கா, எம்புள்ள மேல ஆணையா, மாமா மேல எனக்கு வெறுப்பு இல்ல. பயம்" என்றாள்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றவள். ஆனால் கொழுந்தன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. தகப்பன் இருமும்போது கழனியில் வேலை இருக்கிறது என்று போய்விடுவார். இல்லாத வேலையெல்லாம் அவருக்கு அப்போது கழனியில் முளைத்தது.

நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒட்டாது, ஒட்டாது என்று வீடு வீடாகச் சொன்னேன். இப்போது யோசித்தால் அந்தக் கெஞ்சலே தப்பு என்று தோன்றுகிறது. ஒட்டுகிற வியாதியாக இருந்தால் மட்டும் ஒரு மனிதரை ஆலைக் கொட்டகையில் போட்டுவிட்டு வரலாமா?

அஞ்சலை

கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன்கூடை தூக்கிக்கொண்டு அஞ்சலை வருவாள். பத்து வீடு தள்ளியே அவள் வருகிறாள் என்று தெரியும். மீன் வாசனை பாதி, வாய்ச் சத்தம் பாதி. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்படி பக்கத்து வீட்டில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் நேரே வந்து கூடையை இறக்கினாள்.

"இன்னாடி, உள்ள யாரு இருமறது? உம்மாமனா?"

தலையாட்டினேன்.

"நீ சாப்ட்டியா?"

நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா சாப்பிட்டாரா, தூங்கினாரா, ரத்தம் வந்ததா என்று தூரத்தில் நின்று கேட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டவள் அவள்தான்.

"அழுவாத. மீனு ஈ மொய்க்குது. போய் ஏரியில நல்லா முங்கிக் குளிச்சிட்டு வா. நீ வர்ற வரைக்கும் கெழவனோட சண்ட போட்டுக்கினு இருக்கறன்."

"அக்கா, ஊர்ல எல்லாரும்..."

"தெரியும் போடி. என் ஆம்பளயும் ஒரு வருசம் இருமித்தான் போனான். ஒரு நாயி என் குடிசைய எட்டிப் பாக்கல. அந்த வெறி எனக்கு இன்னும் தீரல."

நான் ஏரிக்குப் போய்த் திரும்பியபோது கூடத்தில் மாமா காற்றுக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து மீன இன்னிக்கு விக்கிறவதான நீ."

"நேத்து ஆளு நீயே இன்னும் குந்திக்கினு இருக்க சொல்ல, நேத்து மீனு இருக்கக்கூடாதா?"

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அஞ்சலை சாம்பல் போட்ட கொட்டாங்கச்சியை நீட்டி, துப்பவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, அவர் பாதி குடித்து வைத்திருந்த மோரை எடுத்து மீதியைக் குடித்தாள். கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பின்கட்டு வாசலில் பூங்காவனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.

அதன் பிறகு அஞ்சலை நாள் தவறாமல் வந்தாள். அவள் இருக்கிற ஒரு நாழிகையில் நான் குளித்தேன், துணி துவைத்தேன், சில நாள் சும்மா ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். மாமா கேட்டார் என்று ஒரு சுருட்டுகூட அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா அதைப் பற்ற வைக்கமாட்டார். விரலிடுக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார்.

காப்புக்கு முதல் நாள் அவளிடம் வண்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் தரையில் துப்பினாள்.

"எங்க குப்பத்துல காப்பு கட்டினா, கடலுக்குப் போன கட்டுமரங்கூட பொழுது சாய கரைக்கு வந்துடணும். ஊராளு ஒருத்தரும் வெளிய தங்கக்கூடாது. உங்க ஊர்ல அந்தச் சட்டம் கெடையாதா?"

உண்டு. எல்லா ஊரிலும் உண்டு. காப்பு கட்டி, எட்டாம் நாள் அவிழ்க்கும் வரை ஊர்க்காரர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது, மீறினால் அம்மன் கோபம். தமுக்கு அடித்தே சொல்வார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடையாணி

மறுநாள் காலையில் தொழுவம் கூட்டப் போனபோது வண்டியின் கடையாணியைப் பிடுங்கினேன். சக்கரம் அச்சிலிருந்து கழன்று போகாமல் இருக்கச் செருகியிருக்கும் இரும்பு ஆணி. எண்ணெயும் மண்ணுமாக இருந்தது. முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து, மாமா சாய்ந்திருந்த உமி மூட்டைக்குள் விட்டேன். மாமா பார்த்துவிட்டார்.

"திருடி" என்றார். வாய் மட்டும் அசைந்தது.

கஞ்சி ஆற வைத்தேன். பிறகு வெந்நீர் வைத்தேன். பிறகு வேட்டி மாற்ற வேண்டும் என்றேன். கடைசியில் கொழுந்தன் மாட்டைப் பூட்ட வண்டியை நகர்த்தினார். சக்கரம் ஆடியது.

"அண்ணி, கடையாணியக் காணம்!"

"வழியில வுழுந்திருக்கும்."

"வண்டி நேத்துலேருந்து இங்கியேதான நிக்குது!"

அடுப்பை ஊதப் போய்விட்டேன்.

கொல்லுப்பட்டறை காப்புக்காக மூடியிருந்தது. கொழுந்தன் பக்கத்து வீடுகளில் வண்டி கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. "உங்கப்பன ஏத்தின வண்டியில நாங்க அப்புறம் நெல்லு ஏத்தறதா?" என்றார்களாம். தூக்கிப் போகலாம் என்றால் தொட ஆள் இல்லை. எந்தப் பயத்தால் அவரை வெளியே தள்ளப் பார்த்தார்களோ, அந்தப் பயமே வழியை அடைத்தது. கொழுந்தன் ஒரு வேப்பங்குச்சியைச் சீவி ஆணியாகச் செருகப் பார்த்தார். ஒடிந்தது. இன்னொன்று சீவினார்.

அப்போது கோயில் பக்கம் உடுக்கையும் பம்பையும் கேட்டது. காப்பு கட்டிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் நாட்டாண்மைக்காரர் வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஈரமாக இருந்தது. பின்னால் பத்துப் பேர்.

"இன்னா, இன்னும் வண்டி நவரல?"

கொழுந்தன் குச்சியும் கத்தியுமாக எழுந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். வெளியே வந்தேன்.

"காப்பு கட்டியாச்சிங்களா?"

"கட்டியாச்சி. அதான் சீக்கிரம் கெளம்புன்றன்."

"அப்ப மாமா போவ முடியாது. ஆல கொட்டாயி எல்லைக்கு அந்தாண்ட கீது. காப்பு கட்டினப்புறம் ஊராளு வெளிய தங்கக்கூடாது."

அவர் முகம் மாறியது.

"இது யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"வருசா வருசம் தமுக்கு அடிச்சி நீங்கதான சொல்றீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"உன் வூட்டுக்காரன் மட்டும் இங்க இருந்தான்னா..."

"அவரு இல்ல. அதான் நான் பேசறன். மாமாவ அனுப்பணும்னா மொதல்ல காப்ப அவுத்துட்டு வாங்க."

கட்டிய காப்பை அன்றே எவன் அவிழ்ப்பான்? அப்போது உள்ளேயிருந்து மாமாவின் குரல், கரகரவென்று, காற்றும் சத்தமுமாக வந்தது.

"சிவப்பி, நாட்டாமைய வூட்டுக்குப் போவச் சொல்லு."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். நாட்டாண்மைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எட்டு நாளு. காப்பு அவுத்த அன்னிக்குக் காலைல வண்டி வரும். என் வண்டியே வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு நாள்

காப்பு கட்டினால் எட்டு நாளும் ஊரில் கவிச்சி கிடையாது. மீன்காரிக்கு வேலை இல்லை. அஞ்சலை வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். வெறுங்கூடை.

"இன்னாக்கா, கூடைய ஏன் தூக்கிக்கினு வந்த?"

"கூடை இல்லாம நடந்தா எனக்குக் கழுத்து சாயுது" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்து மாமாவுக்கு விசிறினாள். கால் பிடித்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று கதவை இரண்டு பக்கமும் திறந்து போட்டாள். மீன் விற்க வராதவள் எதற்கு வருகிறாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டோம்.

மூன்றாம் நாள் பூங்காவனம் கூடத்துக்கு வெளியே வந்து நின்றாள்.

"அக்கா, அந்த மீன்காரி மாமாவோட எச்ச மோரக் குடிச்சாளே. அவளுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"கல்லுகுண்டு மாதிரி தெனம் நடந்து வராளே, நீயே பாக்கற. அவரு மிச்சம் வச்ச கஞ்சிதான் ரெண்டு மாசமா நானும் குடிக்கிறன்."

அவள் பின்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் அஞ்சலை வர நேரமாயிற்று. நான் ஒரு கையால் மாமாவைத் தாங்கிக்கொண்டு மறு கையால் விசிறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து விசிறியை யாரோ பிடுங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் பூங்காவனம். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு விசிறினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டே, "சின்னவளா?" என்றார். அவள் "ம்" என்றாள். அவளும் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். அன்று காலையிலேயே நாட்டாண்மைக்காரர் தம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சொன்ன சொல் தவறாதவர். நான் எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தேன். காப்பு அவிழ்ந்த பிறகு எடுத்துச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை. வழியில் படுத்துக்கொள்வதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு முன்னால் பூங்காவனம் போய்விட்டாள். இடுப்பில் குழந்தை. வாசற்படியில் நட்டநடுவே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள். நாட்டாண்மைக்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டிய ஓட்டிக்கினு போங்க" என்றாள் பூங்காவனம். "எம்புள்ளைய வச்சிக்கினு நானே இந்த வூட்டுல குந்திக்கினு இருக்கறன். உங்களுக்கு இன்னா பயம்?"

கொழுந்தன் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பூங்காவனத்தைப் பார்த்தார். பிறகு நாட்டாண்மைக்காரரிடம் போய், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வண்டியைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டார்.

மாமா புரட்டாசி வரை இருந்தார். கூடத்தில்தான் போனார், எங்கள் கைக்குள். அதைப் பற்றி எழுதமாட்டேன். அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

வண்டி திரும்பிப் போன அன்றைக்குப் பூங்காவனம் உள்ளே வந்து, குழந்தையை மாமாவின் கால்மாட்டில் படுக்கவைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ போய்ப் படு, அக்கா" என்றாள்.

"இன்னும் சோறு வடிக்கல."

"வடிக்கத் தெரியாதவளா நானு? போ."

பட்டப்பகல். அந்த வீட்டில் மருமகள் பகலில் படுத்த வழக்கம் இல்லை. நடு அறையில், எல்லோரும் போகிற வருகிற வழியில், பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தேன். மாடு கத்தியது, எழுந்திருக்கவில்லை. அஞ்சலை வந்து, "செத்துட்டாளா இவ?" என்று கேட்டது காதில் விழுந்தது. கண்ணைத் திறக்கவில்லை.